காகிதக் கண்ணாடியும் பொய்க் கண்ணாடியும்

திருவருகைக் காலம் தொடங்குவதற்கு ஒரு திங்களுக்கு முன்னரே நம் பங்கு இல்லங்களின் வாயிலில் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் கையில் தடித்த மாதிரிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. திறந்தால் நல்லாயன், லூர்து அன்னை, மூவரசர், இறுதி இராவுணவு என்று பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் வழிகிறது. எல்லாம் ஒட்டுப்படம். நெகிழிப் படலத்தின்மீது கணினியால் அச்சிட்டு, பின்புறம் பசை பூசி, சுருளாகச் சுருட்டிக் கொண்டுவரப்படுவது. சன்னலின் நீள அகலத்தைச் சொன்னால் போதும். சில நாள்களில் வந்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் சொல்லும் வாசகம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை: "ஃபாதர், பார்த்தா நிஜக் கண்ணாடி மாதிரியே இருக்கும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

"யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்னும் அந்த வாசகத்தோடுதான் நமக்கு வழக்கு. வணிகரோடு வழக்கில்லை, அவர் தம் பிழைப்பைப் பார்க்கிறார். கண்டுபிடிக்க முடியாத ஒன்றை இறைவனின் இல்லத்துக்குள் கொண்டுவருவதைச் சிறப்பு என்று எண்ணி, அவரை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, காப்பி கொடுக்கிற நம்மோடுதான் வழக்கு. "நம்மோடு" என்று சொல்வது வெறும் எழுத்து மரபுக்காக அன்று. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறும் நம்மிடையே உலவுகிறது. நம் உடன்பணியாளர் சிலர், கலை அறிந்தவர்கள், அச்சடித்த ஒட்டுப்படத்தை ஏற்க மறுக்கிறார்கள், அது சரி. ஆனால் அதே மூச்சில், சிறுவர்களும் தாய்மார்களும் தாளிலும் பசையிலும் செய்கிற காகிதச் சாளரங்களையும் "இதுவும் போலிதானே?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் கண்ணாடி அல்ல. இரண்டும் கண்ணாடிபோல் தோன்ற முயல்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்றே என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இந்த வாதம் தவறானது என்று நாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். காகிதக் கண்ணாடி வேறு. பொய்க் கண்ணாடி வேறு. முன்னதைக் காப்பதற்காகவே பின்னதை எதிர்க்கிறோம்.

தாள் ஒளிபெறும் விதம்

முதலில் காகிதக் கண்ணாடி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அதைப் போலி என்பவருள் பலர் அதைச் செய்து பார்த்தவர் அல்லர்.

பழைய நோட்டுப் புத்தகங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் துண்டு துண்டாகக் கிழித்து ஓர் இரவு முழுவதும் ஊறப் போடுகிறார்கள். மறுநாள் அரைத்துக் கூழாக்கி, அகன்ற தொட்டியில் நீர்விட்டுக் கரைக்கிறார்கள். வலை அடித்த மரச்சட்டத்தை அதில் அமிழ்த்தித் தூக்கினால் நீர் வடிந்து மெல்லிய படிவு நிற்கிறது. அதைத் துணியில் கவிழ்த்து, பாரம் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்தினால் தடித்த, சொரசொரப்பான, ஓரம் பிசிறிய தாள் கிடைக்கிறது. கையால் தாள் செய்யும் இத்தொழில் நம் மண்ணுக்குப் புதிதன்று. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் பல்லாண்டுகளாக அதைச் செம்மையாக நடத்தி வருகின்றனர். நம் தாய்மார்கள் செய்வது அத்துணை நேர்த்தியாக இராது. ஆயினும் தாள் தாள்தான்.

அந்தத் தாளில் சாளரத்தின் வடிவை வரைந்து, ஒளி புக வேண்டிய இடங்களை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய இடங்களை மூடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வண்ணக் கண்ணாடித்தாளைப் பின்புறம் ஒட்டுவது. இரண்டாவது, மெல்லிய வண்ணத்தாளில் எண்ணெய் தடவித் துடைத்து ஒட்டுவது. மூன்றாவது சற்றுப் பொறுமை வேண்டுவது. நெகிழித் தாளின்மேல் கறுப்பு வண்ணம் கலந்த பசையால் கோடு இழுத்து, அது காய்ந்தபின் கோடுகளுக்கு நடுவே ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையில் துளி வண்ணம் கலந்து ஊற்றி விட்டுவிடுவது. முதல் நாள் அது பால்போல் வெண்மையாய் இருக்கும். பார்க்கிற குழந்தைக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். இரண்டு நாள் கழித்து நீர் வற்ற வற்றப் பசை தெளிந்து, ஒளியை உள்ளே விடும் படலமாகிவிடும். மெல்ல உரித்தெடுத்துத் தாளின் பின்புறம் ஒட்டிச் சன்னலில் தொங்கவிட்டால், காலைக் கதிர் அதன் வழியே வந்து தரையில் சிவப்பாகவும் பச்சையாகவும் விழும்.

எண்ணெய் தடவிய தாள் ஏன் ஒளியை விடுகிறது? தாள் என்பது நார்களின் பின்னல். நாருக்கும் நாருக்கும் இடையே காற்று நிறைந்த வெற்றிடங்கள். ஒளி அங்கே நுழைந்து நாரிலும் காற்றிலும் மாறி மாறி மோதிச் சிதறிப்போவதால்தான் தாள் வெள்ளையாகவும் மறைப்பாகவும் தெரிகிறது. எண்ணெய் அந்த வெற்றிடங்களை நிரப்புகிறது. ஒளியை வளைக்கும் தன்மையில் எண்ணெய் நாருக்கு நெருங்கியது. ஆகவே ஒளி சிதறாமல் கடந்து செல்கிறது. தாள் தன் இயல்பை இழப்பதில்லை. கண்ணாடியாக மாறிவிடுவதும் இல்லை. அதனுள் இருந்த வெறுமை நிரம்புகிறது, அவ்வளவே. அருள் இயற்கையை அழிப்பதில்லை, நிறைவு செய்கிறது என்று குருமடத்தில் தூய தோமா அக்குவினாரின் வழியில் நமக்குக் கற்பித்தார்கள். அந்தப் பாடத்துக்கு எண்ணெய்த்தாளைவிட எளிய எடுத்துக்காட்டு இதுவரை நமக்குக் கிடைக்கவில்லை.

கண்ணாடி எட்டாப் பொருளாக இருந்த காலத்தில் ஐரோப்பாவின் ஏழைகள் எண்ணெய் தடவிய தாளையும் துணியையும் சாளரமாக வைத்து வாழ்ந்தனர். சப்பானியர் வீடுகளில் தாள் வேய்ந்த கதவுகள் இன்றும் உண்டு. அவை எவையும் யாரையும் ஏமாற்றவில்லை. தாளுக்கும் ஒளிக்கும் உள்ள உறவு தொன்மையானது, தனக்கே உரியது.

போலச் செய்தல் பாவமா?

"எல்லாம் சரி, இருந்தாலும் கண்ணாடியைப் போலச் செய்வதுதானே?" என்று கேட்பவருக்கு வரலாற்றிலிருந்து விடை சொல்வோம்.

பிரான்சு நாட்டின் தூய தெனிசு மடாலயத் தலைவர் சுகேர், 1144ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் தம் ஆலயத்தின் புதிய பீடப்பகுதியை அர்ச்சிப்புச் செய்வித்தார். கோத்திக்குக் கலையின் பிறப்பிடம் அதுவே என்பர். தம் ஆலயச் சாளரங்களைப் பற்றி எழுதுகையில் அவர் நீலமணியின் பெயரையும் சேர்த்தே பேசுகிறார். ஏன்? அக்காலத்தார் கண்களுக்கு வண்ணக் கண்ணாடி மணிக்கற்களை நினைவூட்டியது. திருவெளிப்பாடு காட்டும் விண்ணக எருசலேமின் அடித்தளங்கள் மணிக்கற்களால் ஆனவை. அத்தனை மணிக்கற்களுக்கு மண்ணுலகில் எங்கே போவது? மணலையும் சாம்பலையும் உருக்கி, கோபால்ட்டால் நீலமும் செம்பினால் சிவப்பும் ஏற்றி, மனிதர் தமக்கு இயன்ற மணிக்கல்லைச் செய்தனர். இன்று "உண்மைக் கண்ணாடி" என்று நாம் போற்றும் அதுவே ஒரு காலத்தில் மணிக்கல்லைப் போலச் செய்ததுதான்!

அதே 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலு என்னும் துறவி ஓவியம், கண்ணாடி, உலோகம் ஆகிய மூன்று கலைகளைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். கண்ணாடியில் வரைந்த உருவங்களின் ஆடை விளிம்புகளில் வண்ணத் துண்டுகளை மணிக்கல்போல் பதிக்கும் முறையை அதில் கற்பிக்கிறார். பொன் இல்லாதவன் வெள்ளீயத் தகட்டுக்கு மஞ்சள் நிறம் ஏற்றிப் பொன்போல் பயன்படுத்தும் வழியையும் சொல்கிறார். ஒரு துறவியே இதைக் கற்பித்திருக்க, போலச் செய்வதெல்லாம் பாவம் என்று நாம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ஓவியம் முழுவதுமே போலச் செய்வதுதான். நம் குடிலில் மலை என்று நிற்பது சாக்கும் சாயம் பூசிய தாளும். ஆறு என்று ஓடுவது கண்ணாடித் துண்டு. பனி என்று கிடப்பது பஞ்சு. மலை எனச் சொன்னவனைப் பொய்யன் என்று எந்தக் குழந்தையும் குற்றம் சாட்டுவதில்லை. செய்தவனும் பார்ப்பவனும் ஒரே உடன்படிக்கைக்குள் நிற்கிறார்கள். "இது சாக்கு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், வா, சேர்ந்து பெத்லகேமுக்குப் போவோம்" என்பதே அந்த உடன்படிக்கை.

1849இல் 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலை எழுதிய ஆங்கிலேயர் சான் ரசுகின் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டவர். ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொரு பொருளென நம்பும்படி பூசுவதை அவர் வஞ்சகம் என்று கண்டித்தார். ஆனால் கட்டடத்தில் பொன்முலாம் பூசுவதை வஞ்சகம் என்று சொல்லவில்லை; அங்கே அதைக் கட்டிப் பொன் என்று எவரும் நம்புவதில்லை. அதே முலாத்தை நகையில் பூசினால் அது வஞ்சகம் என்றார். பொருள் ஒன்றே, பார்ப்பவனை நம்பவைக்கும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தீர்ப்பை மாற்றுகிறது.

ஒட்டுப்படத்தின் எண்ணம் என்ன? அதை விற்பவரே சொல்லிவிட்டார்: யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஈயப் பட்டையின் கறுப்புக் கோடு, கண்ணாடியின் குமிழி, கையால் தீட்டிய நிழல் எல்லாம் அதில் அச்சாகின்றன. ஈயம் இல்லாத இடத்தில் ஈயத்தின் நிழல்! அருகில் சென்று தொட்டால் வழவழப்பு ஒன்றே தட்டுப்படும். உற்று நோக்கினால் புள்ளிகள் தெரியும். தொலைவில் நிற்பவர்க்கு மட்டுமே அது கண்ணாடி.

இந்நோய் புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தின் பெல்பாசுட்டு நகர அச்சகம் ஒன்று 'கிளேசியர்' என்ற பெயரில் ஒளி ஊடுருவும் வண்ண அச்சுத்தாள்களை விற்றது. அவற்றைச் சாதாரணக் கண்ணாடியில் ஒட்டினால் ஆலயச் சாளரம்போல் காட்சி தரும். வீடுகளிலும் வழிபாட்டு இடங்களிலும் அவை ஒட்டப்பட்டன. அன்று தாளும் வார்னிசும். இன்று நெகிழியும் கணினியும். ஆசை மட்டும் பழையதே: உழைப்பின்றித் தோற்றத்தை வாங்கிவிடும் ஆசை.

திருச்சபையின் சொல்

இது நம் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு அன்று. 1963இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 124ஆம் எண்ணைப் புரட்டிப் பாருங்கள். வெறும் ஆடம்பரத்தை அன்று, உயரிய அழகையே நாட வேண்டும் என்று ஆயர்களுக்கு அது அறிவுறுத்துகிறது. அத்தோடு நிற்கவில்லை. உண்மையான சமய உணர்வைப் புண்படுத்தும் படைப்புகளை இறை இல்லத்திலிருந்து விலக்கவும் பணிக்கிறது. அவை புண்படுத்தக் கூடிய காரணங்களை அடுக்கும்போது, உருவச் சிதைவையும் கலைத் தரக் குறைவையும் சொல்லி, இறுதியில் 'சிமுலாசியோ' என்னும் இலத்தீன் சொல்லை வைக்கிறது. பாசாங்கு என்பதே அதன் பொருள். சங்கத் தந்தையர் பாசாங்கை ஒரு கலைக் குறையாக மட்டும் பார்க்கவில்லை. வழிபாட்டுக்குப் பகையாகவே கண்டனர்.

திருப்பலி நூலின் பொது விதிமுறைகளின் 292ஆம் எண்ணும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. ஆலய அழகு பகட்டுக்கு இடந்தராமல் எளிய மேன்மைக்கு உதவ வேண்டும். பொருள்களைத் தேர்ந்தெடுக்கையில் அவற்றின் உண்மைத் தன்மையைக் கருத வேண்டும் என்கிறது. அப்பத்துக்குக் கோதுமையும் இரசத்துக்குத் திராட்சையும் கட்டாயம் என்று நாம் வலியுறுத்துவது ஏன்? நம் மறைபொருள்களின் அடித்தளமே பொருளின் உண்மைதான். நீர் நீராக இருக்க வேண்டும். எண்ணெய் எண்ணெயாக இருக்க வேண்டும். பீடத்தின்மேல் உண்மையைக் கோரும் திருச்சபை, சன்னலில் மட்டும் பொய்யைப் பொறுத்துக்கொள்ளுமா?

'வெளிவேடக்காரர்' என்று ஆண்டவர் பரிசேயரைக் கடிந்தபோது நற்செய்தியாளர் கையாண்ட கிரேக்கச் சொல்லுக்கு நாடக நடிகர் என்பதே முதற்பொருள். மேடையில் நடிப்பது குற்றமன்று. நாடகம் முடிந்தபின்னும் வேடத்தைக் கலைக்காமல் தெருவில் திரிவதே குற்றம். குடிலும் காகிதச் சாளரமும் மேடை நடிப்பு. கிறிஸ்து பிறப்புக் காலம் முடிந்ததும் கலைந்துவிடும். ஒட்டுப்படமோ தெருவிலேயே குடியேறிவிட்ட வேடம். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை நினைத்துக்கொள்வது நலம்.

நாம் செய்த தவறு

இப்போது நம் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கின் ஆலயத்தில் பன்னிரண்டு சன்னல்கள் இருந்தன. வெறும் கண்ணாடி; வெளியே வேப்பமரம் தெரியும். திருவருகைக் காலம் வந்ததும் அன்பியத்துக்கு ஒரு சன்னல் என்று பிரித்துக்கொள்வார்கள். நாம் மேலே விவரித்த காகிதச் சாளரங்கள் அங்கேதான் பிறந்தன. இரவு வேலை முடிந்து தாய்மார்கள் கூடுவார்கள். பிள்ளைகள் கூழ் கலக்குவார்கள். வானவர் கபிரியேலின் மூக்கைப் பற்றிச் சச்சரவு நடக்கும். ஓர் ஆண்டு மூவரசரில் ஒருவருக்கு மீசை கூடிப்போய் அவர் எங்கள் ஊர்த் தலையாரியின் சாயலில் அமைந்துவிட்டார். நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்த தலையாரி தம்மையே கண்டு நெடுநேரம் நின்றார். எங்கள் கோயில்பிள்ளைக்கு ஒரே கவலை, மெழுகுதிரியின் சுடர் எண்ணெய்த்தாளை எட்டிவிடக் கூடாது என்பதுதான். இரவு முழுவதும் சன்னலுக்குச் சன்னல் நடப்பார்.

வெளியூரில் வாழும் நல்ல மனத்தினர் ஒருவர் ஆலய விழாவுக்கு வந்தார். "பக்கத்துப் பங்கெல்லாம் எப்படி மாறிவிட்டது, நம்முடையது இன்னும் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதே" என்று வருந்தினார். பன்னிரண்டு சன்னல்களுக்கும் ஒட்டுப்படம் தருவதாகச் சொன்னார். பங்குப் பேரவை மகிழ்ந்தது. நாமும் கையொப்பமிட்டோம். மறுக்கக் காரணம் தெரியாமல் இல்லை. மறுத்தால் வருகிற மனக்கசப்பைத் தாங்கத் துணிவில்லை. அதுவே உண்மை.

படங்கள் வந்தன. பார்த்தவர் வியந்தனர். ஒவ்வொன்றின் அடியிலும் "உபயம்" என்று பெயர் அச்சாகியிருந்தது. படம் கெட்டுவிடும் என்று சன்னல்களைத் திறக்க வேண்டாம் என்றார்கள்; காற்று நின்றது, மின்விசிறி கூடியது. வேப்பமரம் மறைந்தது. அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் தாய்மார்கள் வந்து கேட்டார்கள்: "இந்த வருசம் எங்களுக்கு எந்த சன்னல், சாமி?" நம்மிடம் விடை இல்லை. "இப்போதுதான் நிரந்தரமாகவே இருக்கிறதே, உங்களுக்கு வேலை மிச்சம்தானே?" என்று சிரித்துச் சமாளித்தோம். மூத்த தாய் ஒருவர் மட்டும் நின்று, "வேலை மிச்சம்தான் சாமி, ஆனா இனிமே கோயில்ல எங்க கைபட்டது ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அது இன்னும் சுடுகிறது. மூன்று கோடைகளுக்குள் மேற்குச் சன்னல்களின் ஓரம் பிரிந்தது. நடுவே கொப்புளம் கிளம்பியது. நல்லாயனின் முகம் வெளிறியது. மெய்யான வண்ணச் சாளரத்தில் நிறம் கண்ணாடியின் உடலிலேயே கலந்தது. வரைந்த கோடுகளோ சூளையில் சுட்டுக் கண்ணாடியோடு பிணைந்தவை. ஆகவே 800 ஆண்டு வெயிலையும் தாங்குகின்றன. அச்சு மை மேலே அமர்ந்தது. வெயில் அதைத் தின்றுவிடும். ஆனால் நம் வருத்தம் படம் வெளிறியதைப் பற்றியதன்று. நாம் மாற்றலாகிப் போகுமுன் மீண்டும் காகிதச் சாளரம் செய்ய அழைத்தோம், இருவர் வந்தனர். பிள்ளைகள் வளர்ந்து நகரங்களுக்குப் போயிருந்தார்கள். கூழ் வடித்த சட்டங்கள் விறகாகியிருந்தன. ஒரு பழக்கத்தை அழிக்க ஒரு கையொப்பம் போதும். திரும்ப உயிர்ப்பிக்க ஒரு தலைமுறை வேண்டும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

"ஏழைப் பங்குகள் உண்மைக் கண்ணாடிக்கு எங்கே போகும்?" என்பது முதல் மறுப்பு. போக வேண்டாம் என்கிறோம்! புதுச்சேரித் திரு இருதயப் பேராலயத்திலும் சாந்தோமிலும் மெய்யான வண்ணச் சாளரங்கள் உண்டு. அங்குச் சென்று கண்டு மகிழ்வோம். நம் சிற்றூர் ஆலயத்தில் வெறும் கண்ணாடியே இருக்கட்டும். அதன் வழியே தெரியும் வேப்பமரமும் வானமும் இறைவனே தீட்டியவை. மாற்கு 12ஆம் அதிகாரத்துக் கைம்பெண் இரண்டு காசுகளைப் போட்டார். அவை காசுகளாகவே இருந்தன. வெள்ளி முலாம் பூசிய காசுகள் அல்ல. காகிதச் சாளரம் அக்கைம்பெண்ணின் காசு. சிறியது, ஆனால் மெய்யானது.

"மக்களின் பக்தி வளர்கிறதே" என்பது இரண்டாவது. அழகு பக்தியை வளர்க்கும் என்பதை மறுப்பார் யார்? ஆனால் சார்த்துரு பேராலயச் சாளரங்களின் அடிப்பகுதிகளைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் அந்தக் கண்ணாடிகளில் செருப்புத் தைப்போரும் ரொட்டி சுடுவோரும் தச்சரும் தத்தம் வேலையில் ஈடுபட்டிருக்கக் காணலாம். ஊராரின் உழைப்பு வேதக் காட்சிகளுக்குக் கீழே இடம்பெற்றிருக்கிறது. நம் ஒட்டுப்படத்தின் அடியில் இருப்பதோ கொடுத்தவரின் பெயர் மட்டும். செய்தவருக்கு அதில் முகமும் இல்லை, பெயரும் இல்லை.

"தாள் என்பது சிறுபிள்ளை விளையாட்டு" என்பது மூன்றாவது. பிரான்சின் வான்சு நகரில் தொமினிக்கன் சகோதரிகளுக்காக ஆன்றி மத்தீசு அமைத்த செபமாலைச் சிற்றாலயம் 1951இல் அர்ச்சிக்கப்பட்டது. நோயால் தளர்ந்த முதிய வயதில் அவர் அதன் சாளரங்களை எப்படி வடிவமைத்தார்? வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, அடுக்கி, மாற்றி அடுக்கித்தான். பின்னரே அவ்வடிவங்கள் கண்ணாடியாயின. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தலைசிறந்த ஓவியருக்குச் சிறுமையாகத் தோன்றாத தாள், நம் பங்கு மக்களுக்குச் சிறுமையாகிவிடுமா?

இனிச் செய்யத்தக்கது

உடன்பணியாளர்களையும் பங்குப் பேரவையினரையும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறோம். ஆலயத்துக்குள் வரும் எப்பொருளையும், மின்னணு மெழுகுதிரியானாலும் நெகிழி மலரானாலும், இவற்றால் சோதித்துப் பாருங்கள். ஒன்று: அருகில் சென்று தொட்டால் தான் இன்னதென்று அது ஒப்புக்கொள்ளுமா? இரண்டு: இதில் யாருடைய கை பட்டிருக்கிறது? மூன்று: இது வந்ததால் யாருடைய கை வேலையிழக்கிறது? முதல் கேள்விக்கு "ஆம்" என்றும் இரண்டாவதற்கு ஒரு பெயரும் மூன்றாவதற்கு "யாருமில்லை" என்றும் விடை வந்தால், அது தாளாயினும் தகரமாயினும் உள்ளே வரட்டும். அவ்வாறு வராவிட்டால், பொன்னாயினும் வாயிலில் நிற்கட்டும்.

தமிழ்த்தாய் நம்மைவிட நேர்மையானவள். ஒளிவிடும் அந்த மெல்லிய தாளுக்குக் "கண்ணாடித்தாள்" என்று பெயரிட்டாள். கண்ணாடி என்றும் சொன்னாள். தாள் என்பதை மறைக்கவும் இல்லை. கண்ணாடி எனும் சொல் முகம் பார்ப்பதையும் குறிக்கும். இப்போது கண்ணாடியில் காண்பதுபோல் மங்கலாகக் காண்கிறோம் என்று தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். மங்கலாகக் காண்பதில் வெட்கம் இல்லை; நம் நிலை அதுதான். எண்ணெய்த்தாளின் வழியே வரும் மங்கிய ஒளி அந்த நிலையை ஒப்புக்கொள்கிறது.

வரும் திருவருகைக் காலத்தில் அந்த விருந்தினர் உங்கள் பங்கு இல்லத்துக்கும் வருவார். காப்பி கொடுங்கள், அன்போடு பேசுங்கள், மாதிரிப் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு, பழைய நோட்டுப் புத்தகங்கள் யார் வீட்டில் கிடக்கின்றன என்று ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அறிவிப்புச் செய்யுங்கள். எந்தத் தாயாவது "எங்களுக்கு எந்த சன்னல், சாமி?" என்று வந்து கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் ஒரு சன்னல் இருக்கட்டும்.